விதைக்கு விட்ட காய்

கிள்ளிவிட்டால்தான் என்ன, கொடிதானே, கிள்ளினால் ரத்தமா வரப்போகிறது என்று கண்ணாடி வீட்டு வாசலில் நின்று சௌந்திரம் மறுபடியும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்ட கையோடு கத்தரிக்கோலை முந்தானையில் துடைத்தாள். துடைத்ததுதான் மிச்சம், கை மேலே எழவில்லை. ரவிக்கைத் துணி வெட்டிப் பழகின கை, எத்தனையோ பேருடைய பட்டுத் துணியை ஈவு இரக்கமில்லாமல் இரண்டாக்கின கை, ஒரு பீன்ஸ் கொடி முன்னால் வந்ததும் தயங்குகிறது, இதை எங்கே போய்ச் சொல்ல. உள்ளே மாசி மாசத்து வெயில் கண்ணாடி வழியாக இறங்கி, ஈர மண்ணும் சாணமும் பச்சிலையும் கலந்த வாடையைக் கிளப்பிக்கொண்டிருந்தது. கண்ணாடி வீடு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நஞ்சப்பன் டீ ஃபேக்டரியில் எலெக்ட்ரீஷியனாக இருந்தபோது, இடித்துப் போட்ட பழைய கட்டிடத்து ஜன்னல்களை எடுத்து வந்து, வீட்டுக்குப் பின்னால் சரிவில் சுவராக நிறுத்தி, மேலேயும் ஜன்னலையே கூரையாகப் போட்டுக் கட்டினது. இரண்டு ஆள் உள்ளே நின்றால் மூன்றாவது ஆள் வெளியே நிற்க வேண்டும். குரங்கும் காட்டெருமையும் உறைபனியும் நினைத்தபோது வந்து போகிற கோத்தகிரிப் பக்கத்தில், அதற்குள் வைத்தால்தான் பீன்ஸும் பட்டாணியும் சட்டிக்கு வந்து சேரும். அந்தக் கூரைக் கண்ணாடியில் ஒன்று நேற்றுச் சாயங்காலம், கொடிக்குக் கட்டின கயிறெல்லாம் சேர்ந்து சட்டத்தைக் கீழே இழுத்ததில், படீரென்று விரிசல் விட்டுவிட்டது. நஞ்சப்பன் அண்ணாந்து பார்த்தார், தாடையைச் சொறிந்தார், "இதுக்கு ஒரு வழி பண்ணோணும்" என்றார். காலையில் முதல் பஸ்ஸுக்குப் புதுக் கண்ணாடி வாங்கி வர டவுனுக்குப் போய்விட்டார். என்ன வழி, யார் பண்ணுவது என்று சொல்லவில்லை. அவர் பேச்சு எப்போதும் அப்படித்தான், பாதி வெளியே வரும், மீதியை நாம்தான் போட்டு நிரப்பிக்கொள்ள வேண்டும்.

வழி என்ன வழி, பாரத்தைக் குறைப்பதுதான் வழி, அது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். புதுக் கண்ணாடி போட்டாலும் இதே பாரம் தொங்கினால் அடுத்ததும் போகும். போதாக்குறைக்கு இந்தப் பட்டாணி. பீன்ஸ் இலை கூரையை ஒரே மூடாக மூடியதில் கீழே கதவோரம் இருக்கிற பட்டாணி வரிசைக்கு வெளிச்சமே இல்லை, அடி இலையெல்லாம் மஞ்சளாகி, நுனி மட்டும் எங்கேயாவது ஒரு துளி வெயில் கிடைக்குமா என்று கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஆகவே கிள்ள வேண்டும், இலையைக் கழிக்க வேண்டும், வேண்டாத கொடியை அடியோடு எடுக்க வேண்டும். ஆனால் கிள்ள வேண்டிய கொடி யாருடைய கொடி? அங்கேதான் கத்தரிக்கோல் சிக்கிக்கொள்கிறது. அது விசாலாட்சியின் கொடி. விசாலாட்சி, நஞ்சப்பனின் முதல் மனைவி, காலமாகி நாலு வருஷம் ஆகிறது. சௌந்திரம் வந்தது போன ஆனியில். ஐம்பது வயதுக்கு மேல் தாலி ஏறின கழுத்து, இன்னும் சில சமயம் குளிக்கும்போது கை அதைத் தொட்டுவிட்டு இது என்ன என்று ஒரு நொடி யோசிக்கிறது. இந்த வீட்டில் பால் காய்ச்சும் சட்டியிலிருந்து காப்பி டம்ளர் வரைக்கும் 'ந. விசாலாட்சி' என்று பெயர் வெட்டியிருக்கும். எந்தப் பாத்திரக் கடைக்காரன் வெட்டினானோ, புள்ளி புள்ளியாக நல்ல முத்துமுத்தான எழுத்து. முதல் மாதம் அந்தப் பெயர் உதட்டில் படாமல் டம்ளரைத் திருப்பித் திருப்பிக் குடித்தாள். அப்புறம் திருப்ப மறந்துபோனாள். இப்போது காப்பி குடிக்கும்போது கட்டைவிரல் தானாகவே அந்த எழுத்தைத் தடவுகிறது. வந்த நாளில் நஞ்சப்பன் வீட்டைச் சுற்றிக் காட்டினார். இது அடுப்படி, இது வெந்நீர் போடுகிற இடம், இந்த ஸ்விட்சை ஈரக்கையோடு தொடாதே. எல்லாம் ஒவ்வொரு வார்த்தை. இங்கே வந்ததும் மட்டும் கொஞ்சம் நின்றார். "இது விசாலாட்சி வெதை. வருசா வருசம் எடுத்து வெப்பா. காய்ல செவப்பு உல்லன் நூல் கட்டியிருந்தா பறிச்சிராத, அது வெதைக்கு விட்டது" என்றார். அவர் வாயிலிருந்து ஒரே மூச்சில் அவ்வளவு வார்த்தை வந்தது அன்றைக்குத்தான்.

அந்த வார்த்தை அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. உட்கார்ந்தது சும்மா இருந்ததா, தினம் எழுப்பிவிட்டது. விசாலாட்சி கண்மூடின வீட்டில் அவள் கொடி வாடிவிட்டால் ஊர் என்ன சொல்லும், வந்தவளுடைய கை ராசி அப்படி என்று சொல்லாதா? இவர் ஒன்றும் சொல்லமாட்டார், சொல்லாமல் இருப்பாரே, அதுதானே பயம். ஆகவே சௌந்திரம் அந்தக் கொடிக்குச் சாணத்தைக் கரைத்து ஊற்றினாள். ஊற்றினது போதுமா என்று சந்தேகம் வந்து மறுபடியும் ஊற்றினாள். பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்து மாட்டுக்காரரிடம் சொல்லிவைத்து, நல்ல மட்கின எருவாக வாங்கி அடியில் அணைத்தாள். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். இங்கே ஊரார் பிள்ளை ஊட்டின ஊட்டில் தடிமாடாக வளர்ந்து தன் பிள்ளையின் தலைமேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டது. இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். காய் என்று பார்த்தால் அங்கொன்று இங்கொன்று, தின்ற எருவெல்லாம் இலைக்கே போய்விட்டது. தப்பு தன் மேல்தான், வேறு யார் மேலும் இல்லை என்று சௌந்திரத்துக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய, ஊற்றின சாணியைத் திரும்ப எடுக்க முடியுமா? பட்டாணிக்கோ அந்த மாதிரி வரலாறு ஒன்றும் கிடையாது. வெள்ளிக்கிழமை சுண்டலுக்கு ஊறப்போட்டது. அன்றைக்குப் பார்த்து அவர் பொரி வாங்கி வந்துவிட்டார், சுண்டல் வேண்டாமென்று ஆயிற்று. அடுத்தடுத்த நாளில் மூடியைத் திறந்தால் எல்லாம் வெள்ளை மூக்கை நீட்டிக்கொண்டு கிடந்தது. முளைவிட்டதை எப்படிக் கொட்டுவது, மனசு வரவில்லை. கதவோரம் காலியாக இருந்த மண்ணில் விரலால் குழி பண்ணி ஒவ்வொன்றாகப் போட்டாள். கேட்காமல் போட்டோமே என்று அன்றைக்கு ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. அவர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நாள் கழித்து அது பக்கத்தில் நாலு குச்சி நட்டிருந்தது. நட்டது அவர்தான், வேறு யார் வருகிறார்கள் இங்கே. ஆனால் குச்சி நட்டதற்கு என்ன அர்த்தம் வைப்பது, செடி சாய்ந்து வழியை மறைக்கக்கூடாது என்றும் இருக்கலாம் அல்லவா.

சரி, ஒரு நுனி. ஒரே ஒரு நுனியைக் கிள்ளிப் பார்ப்போம் என்று முக்காலியைப் போட்டு ஏறினாள். கூரைச் சட்டத்தை முட்டி, வழி தெரியாமல் திரும்பித் தன்னையே சுற்றிக்கொண்டிருந்த ஒரு நுனி. கத்தரி வேண்டாம் என்று நகத்தாலேயே கிள்ளினாள். டக் என்று ஒடிந்தது. பச்சை வாசனை வந்தது. ஒன்றும் ஆகவில்லை, வானம் இடிந்து விழவில்லை. அப்புறம் இன்னொன்று. பீன்ஸ் கொடி விசித்திரமான ஜாதி, ஒரே பக்கமாகத்தான் சுற்றும், நாம் பிரித்து மறுபக்கம் சுற்றிவிட்டால் மறுநாள் காலையில் அவிழ்ந்து தன் பக்கமே போய் நிற்கும். பட்டாணி அப்படியில்லை, மெல்லிசாகக் கம்பி மாதிரி கையை நீட்டும், கிடைத்ததைப் பிடித்துக்கொள்ளும், குச்சியா கயிறா பக்கத்துச் செடியா என்று பார்க்காது. நான் பட்டாணி ஜாதிதான் என்று நினைத்துச் சௌந்திரம் தனக்குள் சிரித்துக்கொண்டாள். மேட்டுப்பாளையத்தில் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த வருஷங்களெல்லாம் அம்மாவின் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள், அம்மா போனதும் தையல் மிஷினைப் பிடித்துக்கொண்டாள், அண்ணன் வீட்டு மாடி அறையில் மிஷினும் அவளும். அண்ணி நல்லவள்தான், ஆனால் மாடிப்படி ஏறி வரும்போதெல்லாம் ஏதாவது ஒரு பொருளை அந்த அறையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள், பழைய மிக்ஸி, உடைந்த நாற்காலி. அறை சுருங்கிக்கொண்டே வந்தது. எப்போது கிளம்பச் சொன்னாலும் கிளம்புகிற மாதிரி சூட்கேஸில் துணியை அடுக்கியே வைத்திருக்கும் பழக்கம் அங்கே வந்ததுதான். அந்தப் பழக்கம் இங்கேயும் போகவில்லை. கட்டிலுக்கு அடியில் அதே சூட்கேஸ், அதே அடுக்கு, துவைத்து மடித்தால் புடவை அதற்குள்தான் போகிறது. பீரோவில் ஒரு தட்டைக் காலி பண்ணி வைத்திருக்கிறார். அவள் இன்னும் வைக்கவில்லை. வைக்கலாம், வைப்பதற்கு என்ன.

வெட்ட வெட்டக் கை சுறுசுறுப்பாகிவிட்டது. அதுதான் கைக்குக் குணம், மனசு எவ்வளவு பிடித்து இழுத்தாலும் வேலையில் ருசி கண்டுவிட்டால் தன் போக்கில் போய்விடும். நுனிகளைக் கிள்ளினாள், ஒன்றின்மேல் ஒன்று படிந்த இலைகளைக் காம்போடு எடுத்தாள், உள்ளே வெள்ளை பூத்துப் பூஞ்சை பிடித்திருந்ததைத் தனியாகக் கழித்தாள். கூரையில் ஒரு ஓட்டை விழுந்தது, ஓட்டை வழியாக வெயில் ஒரு கைக்குட்டை அளவுக்குக் கீழே விழுந்தது, சரியாகப் பட்டாணியின் மேல். அப்பா, என்ன நிம்மதி. உண்மையைச் சொன்னால் சௌந்திரத்துக்கு இந்த வீட்டில் ஒரு குறையும் இல்லை. காலையில் எழுந்தால் வெந்நீர் தயாராக இருக்கிறது, அவர்தான் போட்டு வைக்கிறார். மத்தியானம் ரேடியோவைத் தாழ்வாக வைத்துவிட்டு அவர் ஏதாவது ஒரு பழைய ஃபேனைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்காருவார், அவள் மிஷினில் உட்காருவாள், மிஷின் சத்தமும் ரேடியோ சத்தமும் ஒன்றுக்கொன்று தொந்தரவு பண்ணிக்கொள்வதில்லை. சிவப்பு ஒயர், கறுப்பு ஒயர், பச்சை ஒயர் என்று தரையில் பிரித்து வைத்திருப்பார். நிறம் பார்க்காமல் ஒன்றைத் தொடமாட்டார். சாப்பாட்டில் உப்புக் குறைந்தால் சொல்லமாட்டார், எழுந்து போய் எடுத்துக்கொள்வார். ஒன்றே ஒன்றுதான், அவளை இன்னும் ஒரு பெயர் சொல்லி அவர் கூப்பிடவில்லை. 'இந்தா' என்பார். 'இங்க பாரு' என்பார். விசாலாட்சியை 'அம்மிணி' என்று கூப்பிடுவாராம். அது இருக்கட்டும், பெயரா சோறு போடுகிறது.

"என்ன சௌந்திரம், தோட்டத்துக்கு முடி வெட்டுறியா?"

வேலிக்கு அந்தப்பக்கம் பிரிசில்லா டீச்சர். ரிட்டயரான பிறகும் வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரல்தான். "முடியில்லீங்க டீச்சர், நுனி" என்றாள் சௌந்திரம், முக்காலியில் நின்றபடியே.

"அது இருக்கட்டும், என் ஜாக்கெட் என்னாச்சு? ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போட்டுட்டுப் போகணும்."

"நூலு இல்லாம நிக்குதுங்க டீச்சர். அந்தக் கிளிப்பச்சைக் கண்டு எங்க போச்சுன்னே தெரியல. மிஷின் மேலதான் வெச்சிருந்தேன். எலி இழுத்துட்டுப் போயிருச்சாட்டம் இருக்குது."

"எலிக்கு எதுக்கு ஜாக்கெட் நூல்? நல்லாத் தேடிப் பாரு" என்றார் டீச்சர். பிறகு கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்து, "ரொம்பத்தான் வளர்ந்துபோச்சு" என்றார்.

கேட்கலாமா வேண்டாமா என்று நினைப்பதற்குள் வாய் கேட்டுவிட்டது. "ஏனுங்க டீச்சர், விசாலாட்சி அக்கா இந்தக் கொடியெல்லாம் கிள்ளுவாங்களா?"

"யாருக்குத் தெரியும். உள்ள போனாக் கதவச் சாத்திக்குவா. ஒருத்தரையும் தொட விடமாட்டா, என் பேத்தி ஒரு காய் பறிச்சதுக்கு ஒரு வாரம் என்கிட்ட பேசல. அவ்வளவு உசுரு அவளுக்கு இந்தக் கொடின்னா." டீச்சர் போய்விட்டார். சொல்லிவிட்டுப் போனவர் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார், கேட்டவள் முக்காலியில் நின்றாள்.

ஒருத்தரையும் தொட விடமாட்டா. ஒரு காய்க்கு ஒரு வாரம் பேசல. அப்படியென்றால் இவ்வளவு நுனிக்கு? கீழே குவிந்து கிடந்த தழையைப் பார்த்தாள், ஒரு ஆட்டுக்கு ஒரு நாள் தீனி. பேசாமல் இறங்கிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் விரிசல் விட்ட கண்ணாடிக்கு நேர் கீழே ஒரு தடிக்கொடி, கட்டைவிரல் மொத்தம், அதுதான் சட்டத்தையே இழுத்துக்கொண்டு நிற்கிறது, அதை எடுக்காமல் இவ்வளவு செய்ததும் வீண். மேலே இருக்கிற கொடிக்கு அடி எது என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அடியைப் பிடித்து அசைத்தால் மேலே எது ஆடுகிறது என்று பார்ப்பது. இறங்கி, ஒரு அடியைப் பிடித்து அசைத்தாள். மேலே தடிக்கொடி ஆடியது. அதுதான் என்று தீர்மானித்து, மனசு மாறுவதற்கு முன்னால், மண்ணுக்கு ஒரு சாண் மேலே வைத்துக் நறுக்கென்று வெட்டினாள். பின்னிக் கிடக்கிற கூட்டத்தில் ஒன்றை இழுத்தால் பத்தும் ஆடும் என்கிற ஞானம் அந்த நேரத்துக்கு வரவில்லை. ஞானம் என்றைக்குச் சமயத்துக்கு வந்தது. கொடி மேலே நன்றாக வாடித் துவளட்டும், அப்புறம் இழுத்தால் சுலபமாக வரும் என்று விட்டுவிட்டுத் தழையை வாரிக் குப்பைக்குழிக்குக் கொண்டுபோனாள். இரண்டு நடை நடந்துவிட்டு வந்து பார்த்தால் தடிக்கொடி தளதளவென்று அப்படியே நிற்கிறது. வாடியிருந்தது வேறு ஒன்று. கதவு நிலைக்கு மேலே வளைந்து போன கொடி. இலையெல்லாம் துணி மாதிரி தொங்கிவிட்டது. அந்தத் தொங்கலுக்கு நடுவில், முன்னே இலை மறைத்து வைத்திருந்தது இப்போது நன்றாகத் தெரிந்தது. சிவப்பு உல்லன் நூல்.

ஒரு காயில் இல்லை, அந்தக் கொடியிலிருந்த நல்ல காயெல்லாவற்றிலும் சிவப்பு நூல். இந்த வருஷம் காயே கொஞ்சம், அந்தக் கொஞ்சத்தில் நெடுநெடுவென்று நேராக இருந்ததைப் பார்த்துப் பார்த்து அவர் கட்டியிருக்கிறார். அதைப் போய். விசாலாட்சியின் விதை, வருஷா வருஷம் எடுத்து வைத்தது, அவள் போன பிறகும் நாலு வருஷம் போகாமல் நின்றது, வந்தவள் கையில் ஒரே வெட்டில் போயிற்று. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்புறம் ஓடிய ஓட்டத்தில் அடுப்படிக்குப் போய் ஒரு சொம்பில் தண்ணீர் மொண்டு வந்து, வெட்டுப்பட்ட கொடியின் அடியை அதற்குள் விட்டு, சொம்பைச் செங்கல் மேல் நிறுத்தினாள். பூவைத் தண்ணீரில் போட்டால் நிற்கிறதல்லவா, கொடி ஏன் நிற்காது. சொம்பில் 'ந. விசாலாட்சி' என்று எழுத்து. அவள் சொம்பு, அவள் கொடி, நடுவில் இவள் ஒரு கத்தரிக்கோலோடு. சிரிப்பு வருகிற மாதிரியும் இருந்தது, அழுகை வருகிற மாதிரியும் இருந்தது. இரண்டும் வராமல் விக்கல் வந்தது. என்ன சொல்வது அவரிடம்? தெரியாமல் வெட்டிப்போட்டனுங்க. தெரியாமல் எதற்கு வெட்டினாய் என்று கேட்டால்? கேட்கமாட்டார். அதுதான் தொல்லை. தாடையைச் சொறிவார், உள்ளே போவார், ஃபேனைப் பிரிப்பார். ராத்திரி சாப்பிட வருவார். உப்பு குறைந்தால் எழுந்து எடுத்துக்கொள்வார். எல்லாம் முன்னே மாதிரியே இருக்கும், உள்ளே ஒன்று மட்டும் வாடியிருக்கும், எந்த அடியை அசைத்து அதைக் கண்டுபிடிப்பது. சூட்கேஸ் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது என்று ஒரு நினைப்பு வந்தது. சீ, என்ன நினைப்பு இது, ஒரு கொடிக்குப் போய் யாராவது. ஆனால் அண்ணி ஒரு வார்த்தை போ என்று சொன்னவளா, பழைய மிக்ஸியைத்தானே கொண்டுவந்து வைத்தாள்.

பட்டாணி வரிசைக்கு முன்னால் போய்க் குந்தினாள். மனசு சரியில்லை என்றால் அவளுக்குக் கைக்கு வேலை வேண்டும். பட்டாணியும் உயரம் போய்விட்டதுதான், நுனியைக் கிள்ளினால் பக்கத்தில் கிளைவிடும், கிள்ளின தளிரைப் பாசிப்பருப்புப் போட்டுக் கூட்டு வைக்கலாம், அவருக்குப் பிடிக்கும், போன வாரம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார், அதாவது கிண்ணத்தை நகர்த்தினார். கிள்ளிக் கிள்ளி மடியில் போட்டாள். அடியில் பழுத்த இலைகளை ஒவ்வொன்றாகக் கத்தரித்தாள். அங்கே, எல்லாவற்றுக்கும் கீழே, முதல் முதலாகப் பிடித்த காய்கள் இருந்தன, நன்றாகப் பருத்தவை. ஒன்றின் காம்பில் கத்தரி வைக்கப்போனவள் ஏதோ இழை மாதிரி தடுத்ததும் நிறுத்தினாள். பட்டாணியின் கம்பிக்கைதான் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று முதலில் நினைத்தாள். விரலால் தொட்டால் கம்பியில்லை. நூல். கிளிப்பச்சை. தன் புடவையில் ஒட்டி வந்து விழுந்ததோ? விழுந்த நூல் இப்படி இரண்டு மடிப்பாக மடிந்து, இறுக்கி முடிச்சுப் போட்டுக்கொண்டு, நுனியை ஒரே அளவாக வெட்டிக்கொள்ளுமா? ஒயரை முடிச்சுப் போடுகிற முடிச்சு அது. பக்கத்துக் காயிலும் இருந்தது. அதற்குப் பக்கத்திலும். காயின் பச்சையும் நூலின் பச்சையும் ஒன்றாகக் கலந்து, தலையைத் தரையில் வைக்காத குறையாகக் குனிந்தால்தான் தெரிகிறது. எலியாம் எலி. சௌந்திரம் அங்கேயே மண்ணில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். நூல் கட்டினால் விதைக்கு விட்டது. விதைக்கு விட்டது என்றால் அடுத்த வருஷத்துக்கு. சுண்டல் பட்டாணிக்கு அடுத்த வருஷமா? அப்படித்தானா, இல்லை வேறு ஏதாவது கணக்கா? நிறம் பார்க்காமல் ஒரு ஒயரைத் தொடாத மனுஷர், பச்சைக் காய்க்குப் பச்சை நூலை எதற்குக் கட்டினார்? சிவப்பு உல்லன் உருண்டைதான் இருக்கிறதே. இது அந்த விதை மாதிரி இல்லை என்று பிரித்து வைத்தாரோ. யோசனை ஒரு சுற்றுச் சுற்றி வந்து அந்த முடிச்சிலேயே மாட்டிக்கொண்டு நின்றது.

கேட் திறக்கும் சத்தம் கேட்டது. சாக்கில் சுற்றின கண்ணாடியை மார்போடு அணைத்தபடி நஞ்சப்பன் சரிவில் இறங்கி வந்தார். கண்ணாடியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, உள்ளே தலையை நீட்டி அண்ணாந்து பார்த்தார்.

"அட, வெளிச்சம் வந்திருச்சு" என்றார்.

"ஏனுங்க, வெட்டக்கூடாதத வெட்டிப்போட்டனுங்க" என்றாள் சௌந்திரம். வார்த்தைக்கு முன்னாலேயே கண் கலங்கிவிட்டது. எழுந்திருக்கவில்லை, உட்கார்ந்த இடத்திலிருந்தே கதவு நிலைக்கு மேலே கையைக் காட்டினாள்.

அவர் பார்த்தார். தொங்கின இலையைப் பார்த்தார், கொடியோடு கண்ணை ஓட்டிக்கொண்டே கீழே வந்து சொம்பைப் பார்த்தார். தாடையைச் சொறிந்தார். போச்சு என்று நினைத்தாள். அவர் கையை உயர்த்தி, சிவப்பு நூல் கட்டின ஒரு காயை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அமுக்கிப் பார்த்தார்.

"முத்திப்போச்சு. வெதை உருண்டு நிக்குது. கொடியோட தலைகீழாத் தொங்கவிட்டா நல்லாக் காஞ்சுக்கும். எப்படியும் அடுத்த வாரம் அறுக்கறதுதான்" என்றார். சொம்பிலிருந்து கொடியை எடுத்துவிட்டு, தண்ணீரைப் பட்டாணிக்கு அடியில் ஊற்றினார். "இதுக்கு எதுக்குத் தண்ணி, அழுகிப்போகும்."

"உங்களுக்குக் கோவமில்லீங்களா?"

"கோவம் எதுக்கு? அவ இருந்திருந்தா மாசத்துக்கொருக்கா மொட்டையடிச்சுருப்பா. இத்தனை எலைய வெச்சிட்டிருக்கமாட்டா." சொம்பைச் செங்கல் மேலேயே வைத்துவிட்டு, "நீ ஆசையா எரு வெச்சு வளக்கறே, தொட்டா மனசுக்குச் சங்கடப்படுவேன்னு நானும் கம்முனு இருந்தேன்" என்றார்.

சௌந்திரத்துக்கு வந்த கோபத்தில் கண்ணீர் நின்றுவிட்டது. இத்தனை மாதமாக அவர் மனசு நோகுமென்று இவள் கிள்ளவில்லை, இவள் மனசு நோகுமென்று அவர் கிள்ளவில்லை, இரண்டு பேருடைய மரியாதையையும் தின்று இந்தக் கொடி கூரையைப் பெயர்த்திருக்கிறது. "அதைய வாயத் தெறந்து சொல்றதுக்கென்னங்க?" என்றாள். அவர் சாக்கைப் பிரிக்கப் போனார். விட்டால் போய்விடுவார் என்று, "இங்க வாங்க" என்றாள். கணவரை அப்படி அவள் கூப்பிட்டதில்லை. அவர் வந்து குனிந்தார்.

"பச்சைக் காய்க்குப் பச்சை நூல் கட்டியிருக்கீங்களே, கண்ணுக்குத் தெரியுமா? இன்னைக்குக் கத்தரி காம்பு வரைக்கும் போயிருச்சு. செவப்பு நூல்தான் இருக்குதில்லீங்க?"

"அது அவ நூலு. இது நீ போட்ட செடி."

"சுண்டலுக்கு வாங்குனதுங்க அது."

"வாங்குனா என்ன, நல்லாத்தான் காய்ச்சிருக்குது." அவர் அந்தக் காயைப் புறங்கையால் லேசாகத் தூக்கிப் பிடித்தார். "இப்பத் தெரியாது. காய் முத்தி வெளுத்து மஞ்சளாயிரும் பாரு, அப்பப் பச்சை நல்லாத் தெரியும்."

"அதுக்கு இன்னும் நாளாகுமே."

"ஆகட்டுமே" என்றார் நஞ்சப்பன். "நீ எங்கியாச்சும் போறயா?"

கட்டிலுக்கு அடியில் கூட்டும்போது சூட்கேஸை நகர்த்தி நகர்த்திப் பார்த்திருக்கிறார் போலிருக்கிறது. இவ்வளவு நாளும் பார்த்திருக்கிறார். சௌந்திரம் கையை நீட்டினாள். "அந்தக் கண்டக் குடுங்க. டீச்சர் ஜாக்கெட் தைக்கோணும்" என்றாள். அவர் சட்டைப் பையில் கைவிட்டு, டெஸ்டருக்கும் பீடிக்கட்டுக்கும் அடியிலிருந்து கிளிப்பச்சை நூல்கண்டை எடுத்துக் கொடுத்தார். அவள் ஒரு சாண் நூலை உருவிப் பல்லால் கடித்தாள். வரிசையின் கடைசியில் அவர் கண்ணுக்குத் தப்பின காய் ஒன்று இருந்தது, எல்லாவற்றையும்விடப் பெரியது. அதன் காம்பில் நூலை இரண்டு சுற்றுச் சுற்றி, தையற்காரி போடுகிற முடிச்சாகப் போட்டு இழுத்துப் பார்த்தாள். நன்றாகத்தான் நின்றது.